பேராக்கின் ஆசியப் பயணமும் ஓர் ஒற்றை ஆட்டத்தின் பாடமும்



நான் காற்பந்து வல்லுநர் அல்லள். பாகான் செராய் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். சிறிய பள்ளிகளில் ஒருவரே பல பொறுப்புகளைச் சுமக்க வேண்டும் என்பது நம் ஆசிரியர்கள் அறிந்ததே. அவ்வகையில் காற்பந்துக் குழுவும் சில ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. அந்த அனுபவமும், தோட்டத்து அணியில் கோல்காவலராக இருந்த என் தந்தையாரிடம் கேட்டறிந்த செய்திகளுமே இக்கட்டுரைக்கு அடிப்படை.

ஒரு மாணவனின் கேள்வி

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 13, புதன்கிழமை காலை. சபை கூடல் முடிந்து வகுப்பிற்குள் நுழைந்தபோது ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சிலர் பெருங்குரலில் பேசிக்கொண்டிருந்தனர். முதல் நாள் இரவு ஹாங்காங்கில் நடந்த ஆட்டத்தில் பேராக் அணி கிச்சி கழகத்தைப் பினால்டி உதைகளில் வென்றிருந்தது. அவர்களுள் ஒருவன் என்னிடம் வந்து கேட்டான்:

"டீச்சர், பேராக் ஜெயிச்சிட்டாங்க. அப்புறம் ஏன் அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் இருக்குன்னு அப்பா சொல்றாரு? இன்னும் உள்ளே போகலையா?"

நல்ல கேள்வி. 'உள்ளே' என்னும் அச்சொல்லே அதற்குள் ஒரு வரலாற்றை வைத்திருந்தது. அன்று பாட வேளை தொடங்கிவிட்டதால் சுருக்கமாகவே விடையளித்தேன். முழு விடையை இப்போது எழுதுகிறேன்.

வாய்க்காலும் மதகும்

நம் கிரியான் மாவட்டப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. 1906ஆம் ஆண்டு நிறைவுபெற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வழியாகப் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீரே இங்குள்ள வயல்களை வாழ வைக்கிறது. ஊரார் 'தாலியாயர்' என்றழைக்கும் பெரிய வாய்க்காலை ஒட்டிய வயலுக்குத் தண்ணீர் தானாக வந்து சேரும். கடைக்கோடி வயல்காரர் மதகு திறக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆசியச் சாம்பியன்ஸ் லீக் போட்டியும் அவ்வாறே அமைந்திருந்தது. 2019ஆம் ஆண்டு முறைப்படி குழுச் சுற்றில் 32 கழகங்களுக்கு இடம் உண்டு. அவற்றுள் 24 இடங்கள் நேரடியாக வழங்கப்பட்டன. எந்த நாட்டிற்கு எத்தனை இடம் என்பதை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு நாடுகளின் தரவரிசையைக் கொண்டு முடிவு செய்தது. எஞ்சிய எட்டு இடங்களுக்குத்தான் தகுதிச் சுற்று. கிழக்காசிய மண்டலத்திற்கு நான்கு, மேற்காசிய மண்டலத்திற்கு நான்கு.

இத்தகுதிச் சுற்றின் விதிகள் கடுமையானவை. முதற்கட்டம், இரண்டாம் கட்டம், இறுதித் தகுதி ஆட்டம் எனப் படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரே ஆட்டம்தான். சொந்தத் திடலில் ஓர் ஆட்டம், எதிரணித் திடலில் ஓர் ஆட்டம் என்னும் வழக்கம் இங்கு இல்லை. தரவரிசையில் முந்திய நாட்டின் கழகமே தன் திடலில் ஆடும். 90 நிமிடத்தில் சமநிலை என்றால் மேலும் 30 நிமிடம். அதிலும் சமநிலை என்றால் பினால்டி உதைகள். தோற்றவர் வெளியேற வேண்டும். ஓராண்டு முழுவதும் உழைத்துப் பெற்ற தகுதி ஒரே மாலையில் எடை போடப்படுகிறது.

மலாயாக் கிண்ணத்திலிருந்து ஆசியாவிற்கு

நம் நாட்டுக் காற்பந்தின் பெருமையெல்லாம் நெடுங்காலம் மாநிலங்களுக்கிடையிலான போட்டியிலேயே அடங்கியிருந்தது. 1921ஆம் ஆண்டு தொடங்கிய மலாயாக் கிண்ணம், 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் அளித்த நன்கொடையாகும். 1967ஆம் ஆண்டு முதல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. பேராக் அதனை எட்டு முறை வென்றுள்ளது: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. நாடு விடுதலை பெற்ற ஆண்டிலும், கிண்ணம் புதுப்பெயர் பெற்ற ஆண்டிலும் வென்றது நம் மாநிலமே என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்தம் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன்.

ஆசிய அளவிலான கழகப் போட்டி தொடங்கியதும் அதே 1967ஆம் ஆண்டில்தான். பேங்காக்கில் நடைபெற்ற முதல் போட்டியிலேயே சிலாங்கூர் அணி இறுதியாட்டம் வரை சென்று இஸ்ரேலின் ஹப்போயெல் தெல் அவிவ் கழகத்திடம் 2-1 எனத் தோற்றது. அப்போது ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். 1958 முதல் 1977 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். ஆசியக் கழகக் காற்பந்தின் தொட்டிலை ஆட்டியவர்களுள் நம்மவரும் உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில் நின்றுபோன அப்போட்டி எண்பதுகளின் நடுவில் மீண்டும் உயிர் பெற்றது. 2002-03 பருவத்தில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் என்னும் புதிய வடிவம் எடுத்தது. அதற்குள் ஜப்பானும் தென் கொரியாவும் தொழில்முறைக் காற்பந்தில் வெகுதூரம் சென்றுவிட்டன. ஒரு காலத்தில் இறுதியாட்டம் ஆடிய நாடு, குழுச் சுற்றுக்குள் ஒரு கழகத்தை அனுப்பவே 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு நேரடி இடம் பெற்று நுழைந்த ஜொகூர் டாருல் தக்சிம் கழகமே அவ்வகையில் முதல் மலேசிய அணி.

2019: இரண்டு செவ்வாய்க்கிழமைகள்

மலேசியாவின் மற்றோர் இடம் பேராக்கிற்குக் கிடைத்தது. அது நேரடி இடம் அன்று. தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் நுழைந்து, இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றால் மட்டுமே குழுச் சுற்று.

2018ஆம் ஆண்டு பேராக்கிற்குப் பொன்னான ஆண்டு. ஆஸ்திரேலியரான மேமெட் துராகோவிச்சின் பயிற்சியில் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம். அக்டோபர் 27 அன்று ஷா ஆலாமில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரங்கானுவுடன் 3-3 எனச் சமநிலை கண்டு, பினால்டியில் 4-1 என வெற்றி. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் கிண்ணம் ஈப்போவிற்குத் திரும்பியது. அவ்வணியில் ஜே. பார்த்திபன் என்னும் நம் இளைஞரும் இடம் பெற்றிருந்தார். எங்கள் பள்ளிப் பையன்கள் பலருக்கு அப்பெயர் ஒரு மந்திரம். திடலில் ஓடும்போது தங்களுக்கு அப்பெயரையே சூட்டிக்கொள்வார்கள்.

பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. எதிரணி 1931ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹாங்காங்கின் கிச்சி கழகம். முந்திய ஆண்டுதான் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் ஆடிய அணி. 120 நிமிடங்கள் ஆடியும் 1-1. பினால்டி உதைகள் ஐந்தோடு முடியவில்லை, மேலும் நீண்டன. இறுதியில் 6-5 எனப் பேராக் வென்றது. இந்த வெற்றியைத்தான் மறுநாள் காலை என் மாணவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த செவ்வாய், பிப்ரவரி 19. தென் கொரியாவின் உல்சான் நகரம், குளிர்காலம். உல்சான் ஹியுண்டாய் 5, பேராக் 1. அத்துடன் பயணம் முடிந்தது.

மறுநாள் வகுப்பில் அமைதி. கேள்வி கேட்ட அதே மாணவன், "நம்ம ஆளுங்களுக்கு ஆடத் தெரியலை டீச்சர்" என்றான். அவனுக்கு அன்று என்னால் தகுந்த விடை சொல்ல இயலவில்லை. பின்னர் நடந்தவை அவ்விடையைத் தந்தன. அதே உல்சான் 2020ஆம் ஆண்டு ஆசியாவின் வெற்றியாளர் ஆனது. 2012இலும் அது அப்பட்டத்தை வென்றிருந்தது. பேராக் தோற்றது அத்தகைய ஓர் அணியிடம். அதே உல்சானை 2022ஆம் ஆண்டு குழுச் சுற்றில் ஜொகூர் அணி இரு முறையும் 2-1 என வென்றது. மூன்றே ஆண்டுகளில் ஒரு மலேசிய அணியால் அது இயன்றது. ஆகவே, ஆடத் தெரியாது என்பது விடை ஆகாது. அந்நிலையில் ஆடுவதற்கான வாய்ப்பு எத்தனை முறை கிடைக்கிறது என்பதே கேள்வி.

தோல்வி திறந்த கதவுகள்

அதற்குச் சான்று ஜொகூர் அணியின் வரலாற்றிலேயே உண்டு. 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூரும் இதே தகுதிச் சுற்றில்தான் நின்றது. முதலில் இந்தியாவின் பெங்களூரு கழகத்தைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்றது. அடுத்து தாய்லாந்தின் பேங்காக் கிளாஸ் கழகத்திடம் 3-0 எனத் தோற்று வெளியேறியது. தோற்ற அணிக்கு ஆசியக் கழகங்களின் இரண்டாம் நிலைப் போட்டியான ஏஎஃப்சி கிண்ணத்தில் இடம் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் கழகத்தை 1-0 என வென்று அக்கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் மலேசியக் கழகம் ஆனது ஜொகூர். நம் சமூகத்து ஆட்டக்காரர் எஸ். குணாளன் அக்காலத்து ஜொகூர் அணியைச் சேர்ந்தவர்.

ஜொகூரிடம் தோற்ற பெங்களூரு என்ன ஆனது? மறு ஆண்டு, 2016இல், அதே ஏஎஃப்சி கிண்ணத்தின் அரையிறுதியில் ஜொகூரையே இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-2 என வீழ்த்தி, இறுதியாட்டத்தை எட்டிய முதல் இந்தியக் கழகம் ஆனது. ஓராண்டில் தோற்றவர் மறு ஆண்டில் வென்றார். அவருக்கு மறு ஆண்டு என ஒன்று இருந்தது.

தமிழர் வாழும் இரு கரைகளைச் சேர்ந்த கழகங்களும் இவ்வாறு மோதியதுண்டு. பேராக் உல்சானில் தோற்ற சில வாரங்களில், 2019 மார்ச்சில், ஏஎஃப்சி கிண்ணத்தின் தகுதிச் சுற்றில் சென்னையின் எஃப்சி கழகமும் இலங்கையின் கொழும்பு எஃப்சி கழகமும் சந்தித்தன. அங்கு ஒன்றுக்கு இரண்டு ஆட்டங்கள். கொழும்பில் 0-0. மறு ஆட்டம் சென்னையில் நடவாமல் தொலைவிலுள்ள அகமதாபாத்தில் நடந்தது. 1-0 என வென்று சென்னை குழுச் சுற்றுக்குச் சென்றது. 'சொந்தத் திடல்' என்று சொல்லப்பட்ட இடம் சொந்த ஊரில் இல்லை. ஆயினும் ஆடினார்கள், வென்றார்கள்.

வென்றும் போகாதவர்கள்

தகுதிச் சுற்று என்றாலே என் தந்தையார் கழகங்களைப் பற்றிப் பேசமாட்டார். அவருக்கு அது 1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதியாட்டம், மலேசியாவும் தென் கொரியாவும். ஜுல்கிப்ளி ஹம்சாவும் ஜேம்ஸ் வோங்கும் கோல் புகுத்த, மலேசியா 2-1 என வென்றது. கோல்கம்பத்தில் நின்றவர் 'ஸ்பைடர்மேன்' எனப் புகழ்பெற்ற ஆர். ஆறுமுகம்.

அப்போது நான் கைக்குழந்தை. தோட்டத்துக் கடை வானொலியைச் சுற்றி ஆண்கள் கூடி நின்று கேட்டார்களாம். ஆட்டம் முடிந்ததும் தந்தையார் இருட்டிலேயே திடலுக்குப் போய்க் கோல்கம்பத்தைத் தொட்டுவிட்டு வந்தாராம். இதை அம்மா பல முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவ்வணி மாஸ்கோவிற்குச் செல்லவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. வாயிலை வென்று திறந்தவர்கள் உள்ளே போகவில்லை. ஆறுமுகம் 1988ஆம் ஆண்டு சாலை விபத்தில் காலமானார். 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் அவ்வணியின் கதையைத் தழுவியது. அதில் வரும் முத்து என்னும் கோல்காவலர் பாத்திரத்தைக் கண்டு, எழுபதை நெருங்கிய என் தந்தையார் திரையரங்கிலேயே கண் கலங்கினார். பள்ளிகளில் இப்படத்தைத் திரையிடும் ஆசிரியர்கள், இறுதியில் அந்த வெற்றிக்குப் பின் நடந்ததையும் மாணவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

தோட்டத் திடல்கள்

தந்தையாரைப் போன்றவர்கள் ஆடிய திடல்கள் எங்கே போயின?

நம் வட்டாரத் தோட்டங்களின் வரலாறு கரும்பில் தொடங்கியது. பிறகு ரப்பர், அதன்பின் செம்பனை. செர்சோனீஸ், கூலா, சூன் லீ எனப் பெயர்கள் இன்றும் நம் பள்ளிப் பெயர்களில் வாழ்கின்றன. அன்று பெரும்பாலான தோட்டங்களில் கோயில், பள்ளி, பால்வாடி, கள்ளுக்கடை ஆகியவற்றோடு ஒரு திடலும் இருந்தது. விடியற்காலைப் பிரட்டுக்குப் போய், பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் மாலையில் அத்திடலில் இறங்கினார்கள். தோட்டத்திற்குத் தோட்டம் போட்டி. பரிசு பெரும்பாலும் ஒரு சிறு கிண்ணம்; சில வேளைகளில் ஓர் ஆடு. லாரியின் பின்புறம் ஏறி அண்டைத் தோட்டத்திற்குச் சென்று ஆடி, தோற்றால் பாடாமலும் வென்றால் பாடிக்கொண்டும் திரும்புவார்கள். லயத்தில் இருந்த நாங்கள் லாரியின் சத்தத்தோடு பாட்டு வருகிறதா என்று காது கொடுத்தே முடிவை அறிந்துகொள்வோம்.

இத்திடல்களே நம்மவரின் முதற்கட்டத் தகுதிச் சுற்று எனலாம். தோட்டத்து அணியில் திறமை காட்டியவர் மாவட்ட அணிக்கும், அங்கிருந்து மாநில அணிக்கும் செல்லும் பாதை ஒன்று இருந்தது. எல்லாரும் போய்விடவில்லை. என் தந்தையார் மாவட்டத் தேர்வோடு நின்றவர். ஆயினும் பாதை கண்ணுக்குத் தெரிந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம்மவர் பட்டணங்களின் ஓரங்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். லயத்தோடு திடலும் போயிற்று. பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்டவை. முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை நாற்பது பேர் படிக்கும் பள்ளியில் பதினொருவர் அணியை எங்ஙனம் திரட்டுவது? அதனால்தான் நம் பள்ளிகளுக்கிடையே எழுவர் காற்பந்து பரவலாயிற்று. அதற்கும் சில ஆண்டுகளில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்த்தே எண்ணிக்கையை நிரப்பியிருக்கிறேன்.

சமூகம் முயலாமல் இல்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பின்னர்ப் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் சூப்பர் லீக்கிலும் ஆடி, 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அரசின் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டமும், பகாங்கின் காம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியும் இளம் திறனாளர்களைத் தேடுகின்றன. ஆனால் தேடுபவரின் கண்ணில் படுவதற்குப் பிள்ளை முதலில் ஒரு திடலில் நிற்க வேண்டும் அல்லவா?

நான் மூடிய வாயில்

இப்பகுதியை எழுதுவதா வேண்டாமா எனப் பல நாள் தயங்கினேன். பிறர் குறையைச் சொல்லும் கட்டுரையில் தன் குறையை மறைப்பது முறையன்று என்பதால் எழுதுகிறேன்.

2013ஆம் ஆண்டு. எங்கள் அணியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். இடக்கால் ஆட்டக்காரன். பந்தைப் பார்க்காமலேயே அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மாவட்டத் தேர்வுக்கு அவன் பெயர் அழைக்கப்பட்டது. ஒரு சனிக்கிழமை காலை, ஒரே ஒரு தேர்வாட்டம். அதே சனிக்கிழமை யுபிஎஸ்ஆர் தேர்வுக்கான கூடுதல் வகுப்பு. அவன் கணிதத்தில் தேர்ச்சி விளிம்பில் இருந்தான்.

அவனுடைய தாயார் என்னிடம் வந்து, "நீங்க சொல்றபடி செய்யறேன் டீச்சர்" என்றார். அவர் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். நான் சொன்னேன்: "முதலில் படிப்பு முடியட்டும் அம்மா. விளையாட்டு எங்கேயும் போய்விடாது."

அவன் வகுப்பிற்கு வந்தான். யுபிஎஸ்ஆரில் கணிதத்தில் தேர்ச்சியும் பெற்றான். ஆனால் நான் சொன்னது உண்மையன்று. விளையாட்டு போய்விட்டது. இடைநிலைப் பள்ளியில் அணித் தேர்வின்போது மாவட்ட நிலையில் ஆடியவர்களை முதலில் எடுத்தார்கள். அவன் பெயர் அப்பட்டியலில் இல்லை. ஓராண்டு பார்வையாளனாக நின்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

சில ஆண்டுகளுக்கு முன் பாகான் செராய்ச் சந்தையில் அவனைக் கண்டேன். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். என் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக் காரில் வைத்தான். நானே அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேச்செடுத்தேன். சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பரவாயில்லை டீச்சர். அன்னைக்கு என்ன பாடம் நடத்துனீங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

எனக்கு நினைவில்லை. இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

அவன் கேலியாகக் கேட்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் அக்கேள்வி என்னோடு தங்கிவிட்டது. யுபிஎஸ்ஆர் தேர்வே 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டுவிட்டது. எந்தத் தேர்வுக்காக அவனைத் தடுத்தேனோ அந்தத் தேர்வு இன்று இல்லை. கழகங்களுக்கு மறு ஆண்டு உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்தப் பன்னிரண்டாம் வயது மீண்டும் வராது. அவனுக்கு அதுவே ஒற்றை ஆட்டம்.

நாம் செய்யக் கூடியவை

படிப்பை விட்டுவிட்டு விளையாடட்டும் என்று நான் கூறவில்லை. தோட்டத்திலிருந்து நம்மை வெளியே கொண்டுவந்தது படிப்புதான். என்னையும் அதுவே ஆசிரியர் பயிற்சிக் கழகம் வரை கொண்டுசென்றது. ஆயினும் என் அனுபவத்தில் கண்ட சிலவற்றை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

1. கூடுதல் வகுப்பை மறுநாளைக்கு மாற்றலாம். மாவட்டத் தேர்வின் நாளை நாம் மாற்ற இயலாது. இரண்டும் மோதும்போது எது அசையக் கூடியது என்று முதலில் பாருங்கள். அன்று அந்த ஒரு மாணவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தனியாகக் கற்பித்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

2. சிறிய பள்ளிகள் தனித்தனியே அணி திரட்ட முடியாவிடில், அண்டைப் பள்ளிகள் இணைந்து வாரம் ஒரு மாலை பயிற்சி நடத்தலாம். போட்டிக்குத் தனித்தனியாகச் செல்லட்டும். பயிற்சியில் பதினொருவர் ஆட்டத்தின் அகலத்தை அறிந்துகொள்வார்கள்.

3. பல பிள்ளைகள் தேர்வாட்டத்திற்குப் போகாததற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று; வண்டி இல்லாமையே. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு வேனுக்குப் பணம் ஒதுக்கினாலே பாதி வாயில் திறந்துவிடும்.

4. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தோற்றுத் திரும்பும்போது முடிவை மட்டும் கேட்காதீர்கள். யாரிடம் தோற்றான், எப்படி ஆடினான் என்று கேளுங்கள். 5-1 என்பதற்குள்ளும் ஒரு கதை இருக்கிறது.

5. பெண் பிள்ளைகளையும் திடலில் இறக்குங்கள். லயத்து வாசலில் நின்று லாரிப் பாட்டைக் கேட்டதோடு என் காற்பந்து முடிந்தது. அவர்களுக்கு அப்படி முடிய வேண்டியதில்லை.

முடிவாக

பேராக்கின் பின்கதை மகிழ்ச்சியானதன்று. ஹாங்காங்கில் வென்ற இரண்டே ஆண்டுகளில், 2021இல், அணி நிதி நெருக்கடியில் சிக்கிச் சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. 2023இல் மீண்டு வந்தது. 2025ஆம் ஆண்டு பேராக் கழகம் சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. எட்டு முறை மலேசியக் கிண்ணம் வென்ற மாநிலம் அது. ஆசிய வாயில் வரை சென்ற கழகமே நிலைக்காதபோது, நம் சிறு பள்ளியின் எழுவர் அணியைப் பற்றிக் கவலைப்படுவது மிகையோ என்று சிலர் கேட்கலாம்.

என் எண்ணம் வேறு. கழகம் எழும், விழும், மீண்டும் எழும். அது எழும் நாளில் ஆடுவதற்குப் பிள்ளைகள் வேண்டும். அவர்களை உருவாக்கும் இடம் ஈப்போவின் பெரிய அரங்கம் அன்று. மழை பெய்தால் சேறாகும் நம் பள்ளித் திடல்தான்.

2019இல் என்னிடம் கேள்வி கேட்ட மாணவன் இப்போது இடைநிலைக் கல்வியை முடித்துவிட்டிருப்பான். "இன்னும் உள்ளே போகலையா?" என்று கேட்டவன் அவன். அவனுக்கு இப்போது இவ்வாறு விடை சொல்வேன்: இன்னும் இல்லை, ஐயா. ஆனால் வாசல் வரை நடந்து போனார்கள். வாசல் எங்கே இருக்கிறது என்று இப்போது நமக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை மாவட்டத் தேர்வு நடக்கவிருக்கிறது. எங்கள் பள்ளியிலிருந்து இருவர் போகிறார்கள். வேனுக்குச் சொல்லியாகிவிட்டது.